மீசை ஒட்டாதீங்க: ஆம்பள வேஷத்துல போருக்குப் போன பொண்ணுங்கள ஸ்கூல் மேடையில ஏத்துறது எப்படி

கொடைக்கானல்ல ஆண்டு விழான்னா எந்த ஸ்கூலுக்குப் போனாலும் அதே கட்டபொம்மன், அதே ஜான்சி ராணி, அட்டைக் கத்தி, ஜிகினா கிரீடம். தப்பில்ல, ஆனா பொண்ணுங்க மட்டும் இருக்குற கிளாஸுக்கு டிராமா புடிக்கிறதுக்குள்ள டீச்சர்மாருக்கு உசுரு போயிரும், ஏன்னா கதைல பாதி ஆம்பளப் பாத்திரம், பிள்ளைங்களுக்கு மீசை ஒட்டி விட்டா வசனம் பேசும்போது பாதி மீசை தொங்கும், பின்னாடி உக்காந்திருக்கவன் விசிலடிப்பான். அதுக்குத்தான் இந்த ஐடியா: பொண்ணுங்களே ஆம்பள வேஷம் போட்டு பட்டாளத்துல சேந்த நிஜக் கதைய எடுங்க. 1861 லருந்து 1865 வரைக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர்ல ரெண்டு பக்கத்துப் படையிலயும் பொம்பளைங்கள சேக்கக் கூடாதுன்னு விதி, அப்பவும் முடிய வெட்டி, பேரை மாத்தி, பேன்ட்ட மாட்டிட்டு துப்பாக்கி தூக்கினவங்க நெறைய பேரு. அந்தப் போர்ல காயம்பட்டவங்களுக்கு உதவி வேலை பாத்த மேரி லிவர்மோர்ங்கிறவங்க, வெளிய தெரிஞ்ச கணக்கே 400க்குக் கொஞ்சம் கொறைவுன்னு சொல்றாங்க, நெஜத்துல அதுக்கு மேலயே இருக்கும்னும் எழுதி வச்சிருக்காங்க. பின்னாடி ஆவணங்கள தோண்டுனவங்க ஆதாரத்தோட எடுத்தது சுமார் 250 பேர்.

மொதல்ல ஹெச்.எம். கேப்பாரு, "அமெரிக்காக்காரன் சண்டைக்கும் நம்ம ஸ்கூலுக்கும் என்னம்மா சம்பந்தம்?" இந்தக் கேள்விக்கு பதில் ரெடி பண்ணிட்டுத்தான் ரூமுக்குள்ள போகணும். ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, இந்த ஊரே அமெரிக்க மிஷன்காரங்க மதுரை வெயில் தாங்காம, காய்ச்சலுக்குப் பயந்து மேல ஏறி வந்து உண்டாக்குனது, 1845ல சன்னிசைடு, ஷெல்டன்னு மொதல் ரெண்டு பங்களாவ கட்டுனது அவங்கதான், அதுக்கப்புறம் பதினாறு வருஷத்துல அவங்க சொந்த நாட்டுல இந்தச் சண்டை வெடிச்சிருச்சு. ரெண்டாவது பருத்தி. அமெரிக்கத் தெற்கு மாநிலங்கள்லருந்து போற பஞ்ச வடக்கு கப்பற்படை மறிச்சு நிறுத்தவும், இங்கிலாந்து மில்லெல்லாம் இந்தியாப் பக்கம் திரும்புனாங்க, மதுரை, திருநெல்வேலி, கோயமுத்தூர் கரிசல்ல வெளைஞ்ச பருத்திக்கு வெலை எகிறுச்சு, சண்டை முடிஞ்சதும் பொத்துனு விழுந்துச்சு. நம்ம மலைக்குக் கீழ வத்தலக்குண்டுல நின்னு பாத்தா தெரியுற சமவெளி வரைக்கும் அந்தச் சண்டையோட காத்து அடிச்சிருக்கு. இதச் சொன்னீங்கன்னா ஹெச்.எம். தலையாட்டிருவாரு, கடைசியில அவரே தலைமை உரைல அத சொல்லி கைதட்டல் வாங்கிருவாரு, விடுங்க.

அடுத்து ஒரு விஷயம், அத மழுப்பக் கூடாது. இந்தச் சண்டை எதுக்குன்னு பிள்ளைங்களுக்கு மொதல்லயே சொல்லிருங்க. அடிமை முறைக்காக. 35 லட்சம் வாக்குல கறுப்பின மக்கள அடிமையா வச்சிருந்த தெற்கு மாநிலங்க 11 சேந்து நாட்ட விட்டுப் பிரிஞ்சு போறோம்னாங்க, வடக்கு விடலை. ஆம்பள வேஷம் போட்ட பொண்ணுங்க ரெண்டு பக்கமும் இருந்தாங்க, தைரியம்னு எல்லாரையும் ஒரே தட்டுல வச்சு பூமாலை போடுறது சரியில்ல, எந்தப் பக்கம் நின்னாங்கன்னும் சேத்துச் சொல்லணும். இன்னொண்ணு, கறுப்பினப் பாத்திரம் வந்தா பிள்ளைங்க மூஞ்சில கரி பூசுற வேலையே வேணாம். நம்ம ஊர்ல சாதாரணமா பண்றாங்க, அசிங்கமா இருக்கும், கண்டிப்பா வேணாம்.

இப்ப யார் கதைன்னு பாப்போம். மூணு பேரு எனக்குத் தோதுபடும், ஆனா மூணையும் ஒரே டிராமால திணிக்காதீங்க, அரை மணி நேரத்துல ஒருத்தர் கதைய சொல்றதே பெரிசு.

சாரா எம்மா எட்மண்ட்ஸ். கனடாவுல விவசாயக் குடும்பத்துப் பொண்ணு, அப்பா கட்டி வைக்கப் பாத்த கல்யாணத்துலருந்து தப்பிச்சு வீட்ட விட்டு ஓடி, ஃபிராங்க்ளின் தாம்சன்னு பேரு வச்சுக்கிட்டு ஆம்பளையாவே பைபிள், புத்தகம் வித்துப் பொழச்சவங்க. 1861ல மிச்சிகன் 2ஆவது காலாட்படைல சேந்து ஆஸ்பத்திரில ஆம்பள நர்ஸா, தபால் தூக்குற ஆளா ரெண்டு வருஷம் ஓடுச்சு. 1863ல மலேரியா வந்துச்சு. ஆஸ்பத்திரில படுத்தா குட்டு உடைஞ்சிரும்னு படைய விட்டே ஓடிட்டாங்க, அதுனால ஃபிராங்க்ளின் தாம்சன் ஓடிப்போன சிப்பாய்னு பதிவாயிருச்சு. அப்புறம் பொண்ணாவே நர்ஸ் வேலை பாத்தது, கல்யாணம் பண்ணது, இருபது வருஷம் கழிச்சு கூட சண்டை போட்டவங்கள தேடிப் போயி "நாந்தாம்ப்பா ஃபிராங்க்"னு நின்னது, அவங்க சாட்சி சொல்ல 1884ல அமெரிக்க நாடாளுமன்றம் மாசம் 12 டாலர் பென்ஷன் குடுத்தது எல்லாம் சூப்பர் சீன். ஆனா இவங்க வேவு பாத்ததா எழுதி வச்ச கதைங்க, மாறுவேஷத்துல எதிரி முகாமுக்குள்ள போனது அது இதுன்னு, அதுக்கெல்லாம் தனி ஆதாரம் கெடையாது. பிள்ளைங்க அந்தப் பக்கம்தான் இழுப்பாங்க, ஏன்னா சினிமா மாதிரி இருக்கும். விடாதீங்க. ஓடிப்போன பட்டத்த அழிக்க ஒரு பொம்பளை அரசாங்கத்தோட மல்லுக்கு நின்னதே போதுமான கதை.

ஆல்பர்ட் கேஷியர். அயர்லாந்துல ஜென்னி ஹாட்ஜர்ஸ்னு பொறந்து, 1862 ஆகஸ்ட்ல இல்லினாய் 95ஆவது படைல ஆல்பர்ட் கேஷியர்னு சேந்தவர். படையிலயே குள்ளம், விக்ஸ்பர்க் முற்றுகை உட்பட நாப்பது மோதல் வாக்குல பாத்துட்டு மூணு வருஷமும் முழுசா முடிச்சு வெளிய வந்தார். முக்கியமான சங்கதி என்னன்னா, சண்டை முடிஞ்சும் அவர் திரும்பி ஜென்னி ஆகல. சானமின்ங்கிற சின்ன ஊர்ல பண்ணை வேலை, சர்ச்சுல காவல், தெருவிளக்கு ஏத்துறதுன்னு கூலி வேலை பாத்து, பொம்பளைக்கு ஓட்டு இல்லாத காலத்துல ஓட்டுப் போட்டு, ஆல்பர்ட்டாவே வாழ்ந்தார். வயசான காலத்துல ஒரு கார் மோதி கால் ஒடஞ்சப்ப வைத்தியம் பாத்த டாக்டருக்குத் தெரிஞ்சுது, அவர் வெளிய சொல்லல. 1911ல பழைய சிப்பாய்ங்க இல்லத்துல சேத்தாங்க, 1914ல மனநல ஆஸ்பத்திரிக்கு மாத்துனாங்க, அங்க கட்டாயப்படுத்திப் பாவாடை மாட்டி விட்டாங்க. அம்பது வருஷம் பேன்ட் போட்ட மனுசன். கூட சண்டை போட்ட 95ஆவது படைக்காரங்க இதக் கேட்டு கொதிச்சுப் போயி ஆதரவா நின்னாங்க, பென்ஷன் நிக்காம பாத்துக்கிட்டாங்க. 1915ல இறந்தப்ப ராணுவ உடைலயே, ராணுவ மரியாதையோட, ஆல்பர்ட் கேஷியர்ங்கிற பேர்லயே அடக்கம் பண்ணாங்க. இன்னைக்கு நாம பாத்தா திருநம்பின்னு சொல்லத் தோணும், அவர் காலத்துல அந்தச் சொல் இல்ல, ஆனா அவர் எப்படி வாழ்ந்தாருன்னு தெரியுது. அதுனால ஸ்கிரிப்ட்ல கடைசி வரைக்கும் ஆல்பர்ட்னே எழுதுங்க, "அட பொண்ணா நீ!"ன்னு சிரிப்பு காட்டுற சீன் வேணவே வேணாம். ஹயர் செகண்டரி, காலேஜ் பிள்ளைங்களுக்கு இந்தக் கதை, ஆறாங்கிளாஸுக்கு இல்ல.

சாரா ரோசெட்டா வேக்மன். எனக்கு இவங்கதான். நியூயார்க் மாநிலத்துல அஃப்டன்ங்கிற ஊரு, ஒம்பது பிள்ளைங்கள்ல மூத்தது, வீட்டுல கடன். மூத்த பொண்ணு கதை நமக்குச் சொல்லியா தரணும்? 1862ல பேன்ட்ட மாட்டிட்டு வீட்ட விட்டுக் கெளம்பி மொதல்ல கால்வாய்ப் படகுல ஆம்பள கூலியா வேலை, அப்புறம் ஆகஸ்ட் கடைசியில பட்டாளத்துல சேந்தா 152 டாலர் முன்பணம் கைல, மாசம் 13 டாலர் சம்பளம்னு கேள்விப்பட்டு 153ஆவது நியூயார்க் படைல லயன்ஸ் வேக்மன்னு கையெழுத்துப் போட்டுருச்சு. வயசு 19, சொன்னது 21. அந்தக் காலத்துல வீட்டு வேலைக்குப் போற பொண்ணுக்கு 13 டாலர்ல பாதி தேறுறதே பெருசு. வாஷிங்டன்ல காவல் வேலைல இருந்துக்கிட்டு வீட்டுக்குப் பணமும் அனுப்பி கடுதாசியும் போட்டுக்கிட்டே இருந்துச்சு, கடன அடைங்க, நான் நல்லாருக்கேன், சண்டை முடிஞ்சு விஸ்கான்சின்ல சொந்தமா ஒரு பண்ணை வாங்கணும்னு. இவங்க காவல் காத்த சிறைலயே ஒரு பொம்பளை மேஜர் அடைபட்டுக் கெடந்ததா ஒரு கடுதாசில வருது, ஆம்பளையா படைய நடத்திட்டுப் போன குத்தத்துக்கு. காவலுக்கு நிக்கிறதும் அதே குத்தவாளிதான், யாருக்கும் தெரியாது. இந்த ஒரு சீனுக்காகவே நான் வேக்மன எடுப்பேன்.

1864ல லூசியானாவுல ரெட் ரிவர் படையெடுப்பு, ஏப்ரல் 9ல பிளெசன்ட் ஹில் சண்டைல நாலு மணி நேரம் குண்டு மழைல இருந்துட்டு ராத்திரி அந்தக் களத்துலயே படுத்துக் கெடந்திருக்காங்க. குண்டு ஒண்ணும் படல. கெட்ட தண்ணி, வயித்துப்போக்கு, ஜூன் 19ல நியூ ஆர்லியன்ஸ் ஆஸ்பத்திரில செத்துட்டாங்க. ஆஸ்பத்திரில அத்தன நாள் கெடந்தும் பதிவேட்டுல சிப்பாய் லயன்ஸ் வேக்மன்தான், கல்லறைலயும் அதே பேருதான். கடுதாசியெல்லாம் வீட்டுப் பரண்ல கெடந்து நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு புத்தகமா வெளிய வந்துச்சு. மொத்தச் சண்டைல செத்தவங்க 6 லட்சத்து 20 ஆயிரம்னு பழைய கணக்கு, புது மதிப்பீடு 7 லட்சத்து 50 ஆயிரம் வரைக்கும் போகுது, அதுல மூணுல ரெண்டு பங்கு சீக்குலதான். அதுனால கடைசி சீன்ல வீர மரணம், நெஞ்சுல குண்டு, கொடிய புடிச்சுக்கிட்டே சாயுறது எல்லாம் வேணாம், ஒரு கட்டில், ஒரு செம்பு தண்ணி, அவ்ளோதான்.

வேக்மன் கதைக்கு ஸ்கிரிப்ட் எழுதுறது ரொம்ப சுலபம். மேடையில வலது ஓரத்துல ஒரு ஸ்டூலு, லாந்தர் வெளக்கு, அப்பா உக்காந்து கடுதாசி படிக்கிறாரு, நடுவுல அந்தக் கடுதாசில உள்ளது நடக்குது. அப்பா படிக்கிறது ஒண்ணு, நடுவுல நடக்குறது வேற ஒண்ணுன்னு வச்சீங்கன்னா இன்னும் நல்லாருக்கும், "சாப்பாடெல்லாம் சௌகரியம்ப்பா"ன்னு அவர் படிக்கும்போது இவ கல்லு மாதிரி பிஸ்கட்ட காப்பில முக்கி புழு மிதக்குறத விரலால தள்ளி விட்டுட்டு குடிப்பா. கடுதாசிய நீங்களே எழுதுங்க, புத்தகத்துலருந்து வரிவரியா மொழிபெயர்த்து வைக்காதீங்க, அப்பாவுக்கு எழுதுற மூத்த பொண்ணு எப்படி எழுதும்னு கிளாஸ்லயே பிள்ளைங்கள எழுதச் சொல்லுங்க, அதுல நாலு எடுத்தா போதும்.

பட்டாளத்துல சேர்ற சீன் கண்டிப்பா வேணும், ஏன்னா பாக்குறவங்க எல்லாருக்கும் மொதக் கேள்வி அதுதான், டாக்டர் பாக்கலியான்னு. பாத்தாரு. துப்பாக்கித் தோட்டா அப்ப காகிதத்துல சுத்தி வரும், அத பல்லால கடிச்சுக் கிழிச்சாத்தான் மருந்து கொட்டும், அதுனால முன்பல்லு இருக்கா, விசை இழுக்குற விரலு மடங்குதா, நடக்குறானா, முடிஞ்சுது. ஆளு வேணும், வரிசைல நூறு பேரு நிக்கிறான், சட்டைய கழட்டிப் பாக்க யாருக்கு நேரம். மேடைக்கு இப்படி வச்சுக்கலாம்:

டாக்டர்: வாயத் தொற. ம்ம்... மேல இருக்கு, கீழ இருக்கு. விரல நீட்டு. மடக்கு. வயசு?

லயன்ஸ்: இருபத்தொண்ணு.

டாக்டர்: மீசையக் காணோம்?

லயன்ஸ்: எங்கப்பாருக்கும் லேட்டாத்தான் மொளச்சுது சார்.

டாக்டர்: சரி சரி, போ. அடுத்த ஆளு!

வரிசைல பின்னாடி நிக்கிறவங்கள்ல ரெண்டு மூணு சின்னப் பசங்களையும் நிறுத்துங்க, பதினஞ்சு பதினாறு வயசுல வயச கூட்டிச் சொல்லி சேந்த பசங்க எக்கச்சக்கம், மீசை இல்லாத மூஞ்சி, ஒடையாத கொரலு எதுவும் யாருக்கும் சந்தேகமே வராத அளவுக்கு சகஜம்.

இங்கதான் நான் சொல்ல வந்த மெயின் விஷயம். மீசை ஒட்டாதீங்க. நெஜமா போனவங்க யாரும் ஒட்டு மீசையோட ரெண்டு வருஷம் ஓட்டல. அவங்களக் காப்பாத்துனது மேக்கப் இல்ல, பாக்குறவன் கண்ணு. அந்தக் காலத்து அமெரிக்காவுல பேன்ட் போட்டா ஆம்பள, பாவாடை போட்டா பொம்பள, நடுவுல ஒண்ணும் கெடையாது. நம்ம மன்னவனூர், பூம்பாறை பக்கம் கேரட் காட்டுக்கும் பூண்டு காட்டுக்கும் போற அக்காமாரு சேலைக்கு மேல ஆம்பள முழுக்கை சட்டைய மாட்டிட்டுத்தான் போறாங்க, அவங்கள யாரும் ஆம்பளைன்னு நினைக்கிறதில்ல, நமக்கு சட்டை ஒரு அடையாளமே இல்ல. அங்க துணிதான் எல்லாமே. அதுனால பிள்ளைங்கள "ஆம்பள மாதிரி நடி"ன்னு சொல்லாதீங்க, தொடைய தட்டிக்கிட்டு, மீசைய முறுக்கிக்கிட்டு, கனைச்சுக்கிட்டு திரியும். கே.பி. சுந்தராம்பாள் நாடகத்துல ராஜபார்ட் போட்டாங்க, 1935ல நந்தனார் படத்துல நந்தனாராவே நடிச்சாங்க, அது பாட்டுக்காக ஜனங்க ஒத்துக்கிட்ட வேஷம், பொம்பளைன்னு தெரிஞ்சே ரசிச்சது. இங்க தெரியவே கூடாது. வேற கணக்கு.

அப்ப என்ன பண்ணணும்? கனத்த தூக்க விடுங்க. ஒத்திகைல மொத வாரம் வசனமே வேணாம், முதுகுல உருளைக்கெழங்கு மூட்டை சின்னதா ஒண்ணு, கைல நாலு கிலோ கட்டை, கிரவுண்ட சுத்தி நடக்கச் சொல்லுங்க. ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி நாலு கிலோ கிட்ட கனம், 142 சென்டிமீட்டர் நீளம், எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கு கிட்டத்தட்ட அதோட ஒசரமே வரும். அத தூக்கிட்டு மேடு ஏறுனா நடை தானா மாறிரும், தோளு எறங்கும், அடி அகலமா விழும், யாரும் சொல்லித் தர வேணாம். கொரல கட்டைல எறக்கச் சொல்லாதீங்க, தொண்டை போயிரும், அதுக்குப் பதிலா வசனத்த வெட்டுங்க. மறைச்சு வாழ்றவ கம்மியாத்தான் பேசுவா. கொஞ்சம் தள்ளி உக்காருவா. இது ஆடியன்ஸுக்கு நல்லாப் புரியும்.

துணிமணி. நீலக் கோட்டுக்கு அலைய வேணாம், நம்ம ஊர்ல ஸ்கூல் பிளேசரே நேவி ப்ளூதான், பேட்ஜ மறைச்சு பித்தளைக் கலர் பட்டன் நாலு தச்சா வடக்குப் படை கோட்டு ரெடி. ரெண்டு சைஸ் பெருசா, அண்ணனோடத வாங்கிப் போடுங்க, ஏன்னா அவங்களுக்குக் குடுத்ததும் தொளதொளன்னுதான் இருந்துச்சு, அதுதான் காப்பாத்துச்சு. பேன்ட் வெளிர் நீலம். தொப்பி முன்பக்கம் சாஞ்ச மாதிரி, சார்ட் அட்டைல செஞ்சு துணி ஒட்டிக்கலாம். பச்சை புள்ளி போட்ட இந்திய ராணுவ மாதிரி துணி மட்டும் வேணாம், கதைக்கும் ஒத்து வராது, தேவையில்லாத பிரச்சினையும் கூட. தெர்மாகோல் செட்டு வேணாம், இங்க பிளாஸ்டிக் கெடுபிடி உங்களுக்கே தெரியும், சாக்குத் துணில ரெண்டு கூடாரம் போதும்.

நெஞ்ச இறுக்கிக் கட்டுறத பத்தி பிள்ளைங்களே கேப்பாங்க, ஏன்னா அந்தக் காலத்துல துணிய சுத்தி கட்டுனதா வரும். மேடைக்கு வேணவே வேணாம். கிரேப் பேன்டேஜ சுத்திட்டு இந்த ஒசரத்துல, ஏழாயிரம் அடில, ஓடி ஆடுனா மூச்சு முட்டும். பனியன், அதுக்கு மேல சட்டை, அதுக்கு மேல பெரிய கோட்டு, குளிருக்கும் ஆச்சு.

முடி. எந்தப் பிள்ளையோட முடியையும் டிராமாவுக்காக வெட்டாதீங்க, அம்மாக்கள் ஸ்கூலுக்கே வந்துருவாங்க. நிஜ முடிய சுருட்டி தொப்பிக்குள்ள பின் குத்திட்டு, மேல சவுரி முடி வச்சு ஜடை பின்னி விடுங்க, வெட்டுற சீன்ல கத்திரிக்கோல சவுரில போடுங்க. நரநரன்னு சத்தம் வர்ற பெரிய தையல் கத்திரியா இருக்கணும். ஜடை தரைல விழுந்ததும் வசனம் எதுவும் வேணாம், ரெண்டு மூணு வினாடி அப்படியே விடுங்க, முன் வரிசைல உக்காந்திருக்குற பாட்டிமாரே "அய்யய்யோ"ம்பாங்க.

துப்பாக்கிக்கு சீகை மரக் கொம்பு நல்ல நேரா கெடைக்கும், பட்டைய சீவி கறுப்பு பெயின்ட் அடிச்சா போதும், முனைல கூர் எதுவும் வைக்காதீங்க. குண்டு போடுற வேலைய டான்ஸ் ஸ்டெப்பு மாதிரி பழக்குங்க, மேடையில அதான் பெஸ்டு சீன் ஆகும்: பையிலருந்து தோட்டாவ எடு, பல்லால கிழி, குழாய்ல கொட்டு, கம்பிய உருவு, குத்து, கம்பிய திருப்பி சொருகு, சுத்தியலுக்குக் கீழ இருக்குற முளைல சின்ன வெடிமருந்துத் தொப்பிய மாட்டு, தூக்கு, குறி பாரு, சுடு. கைப்பழக்கம் உள்ள சிப்பாய் நிமிஷத்துக்கு மூணு தடவ சுடுவான். பத்துப் பிள்ளைங்க ஒரே தாளத்துல இத செஞ்சா பாக்க சிலுத்துப் போகும். தாளத்துக்கு ஸ்கூல் பேண்டு ட்ரம்மே போதும், அந்தப் படையிலயும் ட்ரம் அடிக்க சின்னப் பசங்க இருந்தாங்க. என்.சி.சி. இருந்தா அவங்க சாரப் புடிச்சு நடை மட்டும் சொல்லித் தரச் சொல்லுங்க, ஆனா நம்ம சல்யூட்டு, நம்ம கமாண்டு வேணாம்.

பட்டாசு கண்டிப்பா வேணாம். தீ ஒரு பக்கம் இருக்கட்டும், இலங்கைலருந்து வந்த குடும்பங்க நம்ம மாவட்டத்துல நெறைய இருக்காங்க, உங்க ஆடியன்ஸ்லயும் இருக்கலாம், உள்நாட்டுப் போர்ங்கிறது அவங்களுக்கு பாடப் புத்தகத்துல வர்ற விஷயம் இல்ல. தொடங்குறதுக்கு முன்னாடி மைக்ல ஒரு வார்த்தை, சண்டைக் காட்சி இருக்கு, சத்தம் வரும்னு சொல்லிருங்க. குண்டு சத்தத்துக்கு பலகைய பலகைல அடிச்சா போதும்.

முகாம் சீன்ல மறைச்சு வாழ்றது எப்படின்னு காட்டணும், அது இல்லன்னா கதையே இல்ல. சிப்பாய்ங்க போட்ட துணியோடதான் தூங்குவாங்க, குளிக்கிறது அபூர்வம், கக்கூஸ்னு வெட்டுன குழி நாறுறதால ஆம்பளைங்களே காட்டுக்குள்ள ஒதுங்குவாங்க, அதுனால ஒருத்தி தனியா காட்டுப் பக்கம் போனா யாரும் ஏன்னு கேக்க மாட்டான். மாசவிடாய பத்தி எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க கேட்டா பதில் சொல்லுங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல: சோறு இல்லாம, ஓயாம நடந்து பல பேருக்கு நின்னே போயிருக்கும், ரத்தத் துணி இருந்தாலும் காயத்துத் துணியோட துணியாப் போயிரும். பிள்ளை பெத்த சிப்பாய் கூட உண்டு. 1862 டிசம்பர்ல ஃப்ரெடரிக்ஸ்பர்க் சண்டை முடிஞ்சு குளிர்கால முகாம்ல ஒரு சிப்பாய்க்குக் குழந்தை பொறந்துச்சுன்னு மத்த சிப்பாய்ங்க வாய் பொளந்து வீட்டுக்குக் கடுதாசி எழுதியிருக்காங்க. இத அப்பா படிக்கிற கடுதாசில ஒரு வரியா வச்சா போதும், சீனா போட்டா சிரிப்பாயிரும்.

சிரிப்பு வேணும்னா மாட்டிக்கிட்டவங்க கதை இருக்கு. விஸ்கான்சின்ல ஒரு பொண்ணு எல்லாம் சரியாப் பண்ணி, காலுறையும் ஷூவும் மாட்டுற விதத்துல மாட்டிக்கிச்சு. இன்னொரு கதைல யாரோ ஆப்பிள தூக்கிப் போட, இல்லாத முந்தானைய விரிச்சுப் புடிக்கப் போயி தெரிஞ்சு போச்சாம். நம்ம மேடைக்கு ஆப்பிளுக்குப் பதிலா பிளம்ஸ். பிள்ளைங்க இத ரொம்ப ரசிச்சு செய்வாங்க.

ஒத்திகைய அஞ்சு மணிக்குள்ள முடிச்சுருங்க. இருட்டுனா காட்டெருமை ரோட்டுக்கு வந்துரும், நாலு பிள்ளைய வீட்டுக்கு அனுப்பிட்டு நீங்க பதறிக்கிட்டு உக்காந்திருக்கணும். விழாவ பகல்லயே வைங்க, மத்தியானத்துக்கு மேல மேகம் எறங்குனா மேடையே தெரியாது. மதுரை திண்டுக்கல்லருந்து சொந்தக்காரங்க பாக்க வர்றாங்கன்னா இ-பாஸ மறக்காம எடுக்கச் சொல்லுங்க.

டிராமா முடிஞ்சதும் பத்து நிமிஷம் கேள்வி பதில் வைங்க, நடிச்ச பிள்ளைங்களே பதில் சொல்லட்டும். வேலு நாச்சியாரும் இவங்களும் ஒண்ணான்னு ஒருத்தர் கண்டிப்பா கேப்பாங்க. நாச்சியார் ராணியாவே நின்னு சண்டை போட்டாங்க, இவங்களுக்கு சொந்தப் பேர்ல நிக்க வழியே இல்ல. மாட்டிக்கிட்டா தூக்குல போடுவாங்களான்னு பசங்க கேப்பாங்க. இல்ல, பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிருவாங்க, சிலபேர ஜெயில்ல வச்சாங்க, சிலபேரு அடுத்த ஊருக்குப் போயி வேற பேர்ல திரும்ப சேந்துட்டாங்க.

புருஷனோட போனவங்க உண்டாம்பாங்க, அதுக்கு மாலிண்டா பிளாலாக் கதைய வச்சுக்கோங்க. 1862ல தெற்குப் படைல, வட கரோலினா 26ஆவது படைல, புருஷன் கீத்தோட தம்பி சாம்னு சொல்லிச் சேந்த அம்மா. கீத்துக்கு மனசெல்லாம் வடக்குப் பக்கம்தான், தப்பிச்சு ஓட வழி கெடைக்கல, அதுனால ஒரு விஷச் செடில போயி பொரண்டாராம், நம்ம செந்தட்டி மாதிரின்னு வச்சுக்கோங்க, ஒடம்பெல்லாம் தடிச்சு வீங்க, ஏதோ ஒட்டுவாரொட்டி நோயின்னு டாக்டர் பயந்து வீட்டுக்கு அனுப்பிட்டாரு. உடனே இந்தம்மா போயி "நான் பொம்பளை, என்னையும் அனுப்புங்க"ன்னு நின்னுருச்சு. இத குட்டி நாடகமா கடைசில சேத்தா நல்லா எடுபடும், ஆனா பசங்க ஆர்வக் கோளாறுல வேலிலருந்து நெஜ செந்தட்டிய பறிச்சுட்டு வந்துருவாங்க, புதினாக் கட்டு ஒண்ண கைல குடுத்து வைங்க.